ஒரு கொக்கி கழன்ற கம்ப்யூட்டர்

மாமியார்: மெதுவா மாப்பிள்ளை. துணி கிழிக்கிற மாதிரி சர்ருன்னு இழுக்காதீங்க.

மருமகன்: பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத்தான் அத்தை கழட்டினேன்... யப்பா, என்ன தூசி. அள்ளி அடைச்சா ஒரு தலையணை தைக்கலாம் போல.

மாமியார்: வாங்கிப் பத்து வருஷம் ஆச்சுல்ல. சீட்டு விளையாடத்தான் நான் அதைத் தொடுறதே. இப்ப அதுவும் போச்சு. பத்து நிமிஷம் ஓடுது, அப்படியே நின்னுடுது.

மருமகன்: அத்தை, ஒண்ணு கேட்கலாமா?

மாமியார்: கேளுங்க.

மருமகன்: நான் டெய்லர்.

மாமியார்: தெரியாமலா பொண்ணு கொடுத்தேன்?

மருமகன்: உங்க பொண்ணு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கா. இதோ, அந்த ரூம்லதான் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

மாமியார்: அஞ்சு நாளா.

மருமகன்: அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

மாமியார்: அவகிட்டதான் முதல்ல கேட்டேன். எனக்கு லீவு, வேற ஆளைக் கூப்பிடுன்னுட்டா. எனக்கு வேற ஆளுன்னா நீங்கதானே... இங்க வாங்க, மெதுவாச் சொல்றேன். என் கட்டில்ல படுத்துக்கிட்டு விடிய விடிய உதைக்கிறா. எப்படியாவது இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

மகள்: நான் ஒண்ணும் உதைக்கல. கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்குது.

மருமகன்: எனக்கு மட்டும் ஆசை இல்லையா அத்தை? வீட்டுக்குப் போகவே பிடிக்கல. தட்டைப் போட்டுத் தனியா உட்கார்ந்தா ஒரு வாய் இறங்க மாட்டேங்குது.

மாமியார்: அப்படி என்னதான் சொல்லித் தொலைச்சீங்க?

மருமகன்: ஒண்ணுமே சொல்லல, அதுதான் வம்பு. ஒரு ஸ்கூல்ல இருக்குற அறுபது கம்ப்யூட்டரும் இனிமே இவ பொறுப்புன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னா. நான் 'ம்'னேன்.

மாமியார்: வெறும் 'ம்'மா?

மருமகன்: வாயில ஏழு குண்டூசி இருந்துச்சு.

மகள்: குண்டூசியை எடுத்துட்டுப் பேச எவ்வளவு நேரம் ஆகும்னு கேளும்மா.

மாமியார்: கேட்கிறா மாப்பிள்ளை.

மருமகன்: கேட்டுச்சு... அத்தை, அந்த டார்ச்சை இப்படிக் காட்டுங்க. வரிவரியா ஒரு அலுமினியக் கட்டி இருக்கு பாருங்க, ஒரு பக்கமாத் தொங்குது. அட, இது நம்ம கொக்கி.

மாமியார்: எந்தக் கொக்கி?

மருமகன்: கவுனுக்கு வைப்போமே, அதே கொக்கி, அதே கண்ணி. இந்த ஓரம் ஒரு கண்ணி, அந்த ஓரம் ஒண்ணு. நடுவுல இந்தக் கம்பி கட்டியை அமுக்கிப் பிடிச்சிருக்கு. ஒரு முனை கழண்டு கிடக்கு.

மாமியார்: கட்டி எதுக்காம்?

மகள்: அடியில இருக்குற சிப்போட சூட்டை வாங்கி வெளியே விடுறதுக்குன்னு சொல்லு. கட்டி விலகிட்டா சூடு ஏறி மெஷின் நின்னுடும்.

மாமியார்: சொல்றா மாப்பிள்ளை.

மருமகன்: அவ்வளவுதானே? ஒட்டிடுவோம். காலருக்குப் போடுற பசை பையிலேயே இருக்கு...

மகள்: அம்மா, அந்தப் பசையை அதுல வச்சா நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்னு சொல்லு.

மாமியார்: அப்ப வைங்க மாப்பிள்ளை. தாராளமா வைங்க.

மகள்: அம்மா.

மாமியார்: சும்மா சொன்னேன்டி.

மகள்: கதவுக்கு அடியில ஒரு ட்யூப் தள்ளுறேன், அதுதான் இதுக்குப் போடுறது. காஞ்சு கிடக்குற பழசைத் துடைச்சிட்டு, சிப் மேல மிளகளவு வைக்கச் சொல்லு.

மருமகன்: துடைக்கவா? பளிச்சுன்னு இருக்கே... யாரோ ஏற்கெனவே துடைச்சிருக்காங்க.

மாமியார்: என்னை ஏன் பார்க்குறீங்க?

மருமகன்: கொக்கி தானாக் கழலாது அத்தை. அமுக்கி, தள்ளி, தூக்கணும். என்னை வரவழைக்கத்தானே நீங்க...

மாமியார்: நானா? எனக்கு இந்த மூடியையே திறக்கத் தெரியாது.

மகள்: பேசினது போதும். முதல்ல அந்த ட்யூப்ல இருக்குற பசையை வைங்க.

மாமியார்: மாப்பிள்ளை... உங்ககிட்டயே பேசிட்டா.

மருமகன்: வச்சாச்சு, பெட்டியையும் படுக்கப் போட்டாச்சு. கொக்கிதான் எட்ட மாட்டேங்குது.

மகள்: நேராக் கீழே அமுக்குங்க. சாய்ச்சீங்கன்னா சிப் மூலை உடைஞ்சிடும். ஸ்க்ரூடிரைவர் வேணாம், வழுக்கினா போர்டே போச்சு... என்ன, ஆச்சா?

மருமகன்: ம்.

மகள்: மறுபடியும் 'ம்'மா?

மருமகன்: மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்மா... மாட்டிக்கிச்சு. ஆட்டிப் பார்த்துட்டேன், அசையல. மூடியைப் போட்டு நிமிர்த்தி வச்சுட்டேன். ஆன் பண்றேன்.

மாமியார்: பத்து நிமிஷம் பார்ப்போம்.

மகள்: அம்மா, இந்த அஞ்சு நாளும் துரைக்கு என்ன வேலைன்னு கேளு.

மருமகன்: தைச்சுக்கிட்டு இருந்தேன்.

மகள்: அதானே பார்த்தேன்.

மருமகன்: உனக்குத்தான். ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போக ஒரு கோட்டு, இதோ கையோட கொண்டு வந்திருக்கேன். ஸ்க்ரூடிரைவருக்கு ஆறு பாக்கெட், உள்ளே ஜிப் வச்சு ஒண்ணு. அளவு எடுக்க நீ இல்ல... ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன். எனக்கு உன்னை நெனச்சா ரொம்பப் பெருமையா இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்.

மாமியார்: கதவு திறந்துடுச்சு மாப்பிள்ளை.

மகள்: கொடுங்க... தோள் சரியா இருக்கு.

மருமகன்: வீட்டுக்குப் போலாமா?

மகள்: பையை எடுத்துட்டு வரேன்.

மாமியார்: அப்பாடா. இருபது நிமிஷம் ஆச்சு, கம்ப்யூட்டரும் நிக்கல. எனக்கு ஒண்ணுதான் புரியல. நிமிர்த்தி வச்சாத்தான் இது நின்னு போச்சு, படுக்கப் போட்டா நல்லா ஓடுச்சு. நான் பாட்டுக்கு விளையாடிக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில இவதான், படுக்க வைக்கவே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னா.

மருமகன்: படுக்கப் போட்டா கட்டி தானாச் சிப் மேல உட்கார்ந்துக்கும்ல... அப்ப, கொக்கி எப்போ கழண்டுச்சு?

மகள்: வந்த அன்னைக்கே கழட்டிட்டேன். உடனே உங்களைக் கூப்பிடுவாங்கன்னு பார்த்தா, இந்த அம்மா அதைப் படுக்கப் போட்டு நாலு நாள் நிம்மதியாச் சீட்டு ஆடினா, நான் என்னங்க பண்றது?