வெற்று விசை

காப்பி நன்றாக இருக்கிறது, கபிலாஷ் தம்பி. காவல் நிலையத்தில் இவ்வளவு சூடாகக் கொடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர். நான் சொல்வதை இந்த அதிகாரிக்கு அப்படியே சொல்லிவிடுங்கள்.

கை தவறிச் சுட்டுவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார் வக்கீல். காலி என்று நினைத்து விசையை இழுத்துவிட்டேனாம். நான் சேர்ப்பதெல்லாம் பழைய பாயிண்ட் டூ டூ துப்பாக்கிகள். அவற்றில் ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காது, விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாமல் இழுத்தால் இரும்பில் இரும்பு மோதி, தோட்டா உட்காரும் வாய் நசுங்கிப் போகும். தொண்ணூற்று மூன்றில் இந்தக் காப்பெல் ஊருக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் அப்படி இழுத்ததில்லை. நான் சுடப் பழகும் ரேஞ்சில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளட்டும், பரவாயில்லை. துப்பாக்கியை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று எழுத விடமாட்டேன்.

மரகதத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். பொள்ளாச்சியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். டிரைவிங் வேண்டாம் என்றேன். ஃப்ரீவேயைப் பார்த்தால் எனக்கே பயம். போன், நான் வீட்டில் இருக்கும்போது பேசலாம். அவள் பாஸ்போர்ட்டும் நகையும் துப்பாக்கிகளோடு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. எதுவும் திருட்டுப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். வெளியே பக்கத்துத் தெரு சாந்தாமணி ஆன்ட்டியின் கார் நின்றது.

"நான் போறேனுங்க."

நம்மவர்களில் கடைக்குப் போகிறவர்கூட அப்படிச் சொல்வாரா, தம்பி? இங்கிலீஷில் போட்டால் இது ஒன்றுமே இல்லை. உங்களுக்குப் புரியும். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லு கண்ணு."

"பொய் சொல்ல வரலீங்க. போறேனுங்க."

பாஸ்போர்ட்கூடக் கேட்கவில்லை. வர்றேன்னு சொல்லு என்று நான் மறுபடியும் கேட்டேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். தோட்டாவை எடுத்துத் துப்பாக்கிக்குள் போட்டேன். அதன் பிறகுதான் இழுத்தேன். சின்னச் சத்தம்தான், காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் ஆன்ட்டிக்குக் கேட்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்துதான் கொன்றேன். ஆனால் அவளை அடைத்து வைத்திருந்தேன் என்று ஆன்ட்டி சொல்வதை மட்டும் எழுத வேண்டாம். அவள் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். போயிட்டு வர்றேன் என்று சொல்லியிருந்தால் போதும்.