மூடியால் அளந்த தண்ணீர்

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

ஊரைவிட்டு நடந்துகொண்டிருந்த எல்லோரும் படுக்கிறோம். இலுப்பைக்கடவைக்கு வடக்கே, வீதியோர வாய்க்கால். தூரத்தில் ஷெல் கிளம்பும் 'டும்'. எட்டு எண்ணுகிறேன். முன்னால் போன உழவு இயந்திரத்தின் பெட்டி சிதறுகிறது.

வாய்க்காலில் ஒரு மாடு செத்து ஊதிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒருவர் சிரட்டையால் அள்ளிக் குடித்தார். பச்சை நீர். புழு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னிடம் நல்ல தண்ணீர் இருந்தது. ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான். நிறைய.

நான் கடற்றொழிலாளி. வள்ளத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். கரை சேரும் நேரம் தெரியாவிட்டால் தண்ணீரைக் கானின் மூடியால் அளப்போம். வாயை நனைக்கலாம். குடிக்கக் கூடாது. அதையே வீதிக்கும் கொண்டுவந்தேன். எனக்கும் மனைவி றீற்றாவுக்கும் மணிக்கு ஒரு மூடி.

முதல் நாள் கேலி செய்தாள். "இஞ்சருங்கோ, இது கடல் இல்லை. நான் உங்கட வள்ளத்தில தொழிலுக்கு வந்த ஆளும் இல்லை." இருவரும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் இன்னொரு மூடி கேட்டாள். நாளைக்கு வேண்டும் என்றேன். கானை மறுதோளுக்கு மாற்றினேன். அவள் தலையில் மூட்டை. நல்ல வெயில். வள்ளத்தில் உட்கார்ந்திருப்போம். இங்கே நடந்தோம். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். அவள் கேட்கவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். வேர்வையும் இல்லை. கையைத் தொட்டேன். சுட்டது. எப்போதோ இறந்த தன் தாயைக் கூப்பிட்டாள். அப்போதுதான் கானைச் சரித்தேன்.

"குடி றீற்றா. எல்லாத்தையும் குடி."

கடைவாயால் வழிந்தது. விழுங்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மரத்தடியில் வைத்தியசாலை. தாதி நாடியைப் பிடித்துப் பார்த்தார். றீற்றாவின் கண்களை மூடிவிட்டார். பிறகு கானைத் தூக்கிக் குலுக்கினார். களக். களக்.

"தண்ணியை வைச்சுக்கொண்டே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

ஓம் என்றேன்.

ஷெல் அடித்தவர்களை அருவருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் என்னையும் வைத்திருக்கிறேன். மூடி திருகிய இந்தக் கையால்தான் இன்றும் சாப்பிடுகிறேன். தண்ணீரை மிச்சம் பிடித்த கதையை யாராவது பெருமையாகச் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். வெயிலில் நடப்பவர்கள் குடியுங்கள். இருக்கும்போதே குடியுங்கள்.

இழந்தவை. வீடு ஒன்று. வள்ளம் ஒன்று. வலை மூன்று. றீற்றா, வயது இருபத்தாறு. உடம்பில் காயம் இல்லை.

கானில் எஞ்சியது மூன்று லீற்றர்.