கண் சிமிட்டுற அம்மனும் நின்னுபோன உருமியும்

...அதத்தான் பாய் சொல்றேன். இதே ரிங்லெட் டவுன்ல, இதே கடையில, நீங்க கையால எடுத்துக் குடுத்த லேப்டாப்பு. ஊரு முன்னாடி மானத்த வாங்கிருச்சு லா!

என்னா ஆச்சா? எங்க எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. மலைக்குக் கீழ தாப்பாவுலேருந்து உருமி மேளக் கோஷ்டிய கூப்பிட்டா, வளைவு ஏறி வர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு வாந்தி. அதான் நானே ஒன்னு பண்ணேன். பென்டிரைவா? ச்சே! சாமி ஏறுறது எறங்குறது பென்டிரைவுக்கு என்னா பாய் தெரியும்? இது உருமி அடிக்க நானே செஞ்ச ப்ரோகிராமு. பெட்டி பெட்டியா வரைஞ்சு, கோடு இழுத்து எணைக்கணும். சாமி ஏறுச்சுன்னா மவுஸ மேல தள்ளுவேன், மேள அடியும் ஏறும். ஏழு வாரம் பாய்... டீ பேக்டரி ஷிப்டு முடிஞ்சு வந்து ஒக்காந்து...

அன்னைக்கு எங்க அண்ணி நவமணி கரகம் எடுத்தாங்க. பத்து நாள் வெரதம். அருள் வந்து ஆடுறாங்க. நான் தள்ளுறேன். கிர்ர்... டப்பு... பொசுக்குன்னு நின்னுருச்சு! அண்ணி ஒத்தக் கால தூக்கினபடி கண்ணத் தொறந்து என்னையப் பாக்குறாங்க. சாமி அப்படிப் பாக்குமா பாய்?

கோயில் தலைவரு, நம்ம எஸ்டேட் ஆபீசுல கணக்கெழுதுற சுப்பிரமணியம் கிராணி, 'என்னா புவனேசு இது?'ன்னாரு. நான் மைக்குல... ம், அத விடுங்க. வர்ற வெள்ளி திரும்ப கரகம். இன்னொரு தடவ நின்னா கமிட்டியவிட்டே தூக்கிருவாங்க.

தொறந்து பாருங்க. அழகா இருக்கில்ல? முப்பத்திரண்டு வெளக்கு, அடிக்கு அடி எரியும். அடி ஏற ஏற இன்னும் வேகமா எரியும். நடுவுல சூலம் சுத்தும். அம்மன் கண்ணு சிமிட்டும்! எதுக்கா? திரை கறுப்பா கெடந்தா நான் வாசிக்கிறேன்னு எவன் நம்புவான்? 'பாட்டப் போட்டுட்டு குந்தியிருக்கான்'பானுங்க. கிராணியே வாயப் பொளந்துட்டாரு தெரியுமா!

மூலையில அது என்னா நம்பரு? ப்ரோசஸர் தொண்ணூத்தேழு பெர்சென்ட் ஒழைக்குதா? பாத்தீங்களா, பழசத் தலையில கட்டிட்டீங்க!... ஏ பாய், படத்த ஏன் மூடுறீங்க?

...பதினொன்னுக்கு எறங்கிருச்சா?

தள்ளுங்க. இன்னும்... இன்னும் மேல... ஒரு கிர்ரு கூட இல்லியே. அப்ப இத்தன நாளும் அது அம்மன் கண்ண சிமிட்டத்தான் ஒழைச்சுச்சா? மேளத்துக்குத் தெம்பே இல்லாம?

அட கடவுளே...

மைக்குல என்னா சொன்னேன்னா கேக்குறீங்க? 'யாரோ வெரதத்துல கொறை வச்சுட்டாங்க, அதான் ஆத்தா நிறுத்திட்டா'ன்னேன். ஊரே அண்ணியத்தான் பாத்துச்சு.  அவங்க மறுநாளே மஞ்சச் சேலையக் கட்டி, மொதல்லேருந்து வெரதம். இன்னைக்கு ஆறாவது நாளு. காலையில எனக்கும் சேத்து தோசை சுட்டு வச்சிட்டு, வெறும் பாலோட கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. வெக்கமா இருக்கு பாய். சத்தியமா வெக்கமா இருக்கு.

ஒரு ஒதவி பண்ணுங்க. லேப்டாப்புலதான் கோளாறுன்னு கமிட்டிக்கு ஒரு சீட்டு எழுதி, கடை முத்திர சாப்பு குத்திக் குடுங்களேன்... பாய்? எங்க கெளம்பிட்டீங்க? தொழுகைக்கா? இப்பத்தான பாய் தொழுதுட்டு வந்தீங்க!