டெக்ஸ்ட் ஃபைலில் இல்லாத பெயர்

அருப்புக்கோட்டையில் எம்.ரெட்டியபட்டி பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பெண் தன் கணவனிடம் சொன்னாள்: "உங்க ஃபைல்ல எம்பேரைத் தேடிப் பாத்தேன். ஒரு வரிகூட இல்ல."

செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்தபடி ஒட்டுக்கேட்டேன். இந்த வயதில் செய்யக்கூடாததுதான், செய்தேன். யார் இணையப் பக்கம் அனுப்பினாலும் அதன் முகவரியை, அனுப்பியவர் பெயரோடு, அவன் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்துவிடுவானாம். பெயரை அடித்தால் தேடித் தர ஒரு சின்னக் கணினி நிரலும் எழுதி வைத்திருக்கிறானாம்.

"ஒங்க ஆபீஸ் நித்யா பேரை அடிச்சா மட்டும் திரை நெறைய ஓடுது. அவுக அனுப்புனாத்தான் சேத்து வைப்பீகளோ?"

"அடியே, அப்பறமாப் படிப்போம்னு தள்ளுறதத்தான் அதுல போடுவேன். நீ அனுப்புனத அப்பவே படிச்சிருவேன்."

"பொய்யி. நேத்து என்ன அனுப்புனேன், சொல்லுங்க."

"மதுரையில வாடகை வீடு. போன் போட்டும் கேட்டுட்டேன். போர்த்தண்ணி உப்பாம், நமக்கு வேணாம்."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப நித்யா அனுப்புனது?"

"அத எங்க படிக்க? அப்பிடியே கெடக்கு."

"கெடக்கட்டும். இன்னும் நெறைய அனுப்பச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சேத்து வைங்க."