பலகை நேரம்

தண்ணீர் பாட்டில்களில் வெயில் படக்கூடாது என்பதில் அண்ணன் எப்போதும் கறாராக இருப்பார். அன்று காலையும் ஏழே முக்காலுக்கு வேனின் பின்கதவைத் திறந்து, பெட்டியில் அடுக்கிய பாட்டில்களின் மேல் ஈரச் சாக்கை விரித்தார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களைச் செருகிவிட்டு, "வெந்நீர் குடிக்கவா இவ்ளோ தூரம் வர்றாங்க?" என்றார். தினமும் சொல்வதுதான். தினமும் போல நானும் சிரித்தேன். எங்களுக்குள் சாதாரணமாக நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைத் திருத்தும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்தில், "நேரம் தவறித் திரும்பியதால்" என்று அண்ணனைப் பற்றி இருக்கிறது. அதன் நகலை அண்ணி பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார். "ஊருக்கெல்லாம் நேரம் சொன்ன மனுஷன். தான் வர வேண்டிய நேரத்துக்கு மட்டும் வரத் தெரியல பாருங்க. அலட்சியம்" என்கிறார். இறந்துபோனவர் மேல் இவ்வளவு கோபத்தோடு ஒருவர் தனியாக ஒரு வீட்டில் இருப்பது நல்லதில்லை. தவிர, அது உண்மையும் இல்லை. அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வந்தவர் இல்லை. அன்றும் அவர் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினார்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அரை நாள் சுற்றுலா. எட்டு மணிக்கு விடுதி வாசலில் பயணிகளை ஏற்றி, பன்னிரண்டரைக்குக் கடைத்தெருவில் இறக்கிவிட வேண்டும். நடுவில் கலங்கரை விளக்கம், பழத்தோட்டம், கடல் பீறிட்டு எழும் பாறை ஓட்டை, குட்டித்தீவு. வேன் ஓட்டுவதும் பேசுவதும் நான். கடைசி ஆளாக நடந்து, படம் எடுக்க நின்றுவிடுகிறவர்களையும் செருப்பு அறுந்தவர்களையும் ஓட்டிக்கொண்டு வருவது அண்ணன். விடுதிக்காரர்கள் என்னை வாய் என்றும் அவரை வால் என்றும் கூப்பிடுவார்கள். "வாய் நீளம்னா வால் குட்டையா இருக்கணும், அதான் எங்க தொழில் ரகசியம்" என்பார் அண்ணன்.

இருபத்தாறு வருடங்களாக அதே பதினோரு நகைச்சுவைகளைச் சொல்லிவந்தேன். வண்டி கிளம்பியதும் முதலில் சொல்வது இது: "பயப்படாம வாங்க. இத்தனை வருஷத்துல ஒரு ஆளைக்கூட நாங்க தொலைச்சதில்ல." உடனே பின்சீட்டிலிருந்து அண்ணன் குரல் கொடுப்பார்: "தொலைச்சுப் பாத்தோம். கண்டுபிடிச்சுத் திரும்பி வந்துட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டி ஏறும்போது நான் தலை எண்ணுவேன். பயணிகளை மட்டும். எங்களை நாங்கள் எண்ணுவதில்லை.

குட்டித்தீவுக்குப் படகு கிடையாது. கடல் வற்றும்போது நடுவில் ஒரு மணல் வரப்பு வெளியே தெரியும். எட்டு நிமிட நடை. தண்ணீர் திரும்ப ஏறினால் வரப்பின் நடுப்பள்ளத்தில் இழுப்பு வந்துவிடும். அதில் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்கிற வித்தியாசம் இல்லை. அதனால் வரப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் சாக்பீஸால் எழுதுவேன். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நேரம் குறிப்பது என் பொறுப்பு. அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. "அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சேன்" என்பார். உண்மைதான். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தது அவர்தான்.

பலகையில் நாங்கள் உண்மையான நேரத்தை எழுதுவதில்லை. அரை மணி முன்னதாக எழுதுவோம். பதினொன்று இருபதுக்கு வரப்பு மூடும் என்றால் பத்து ஐம்பது என்று போடுவோம். இது அண்ணன் கொண்டுவந்த ஏற்பாடு. பயணிகள் எப்படியும் தாமதிப்பார்கள், தாமதித்தாலும் கால் நனையாமல் வந்துவிடுவார்கள். இந்த விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அந்த அரை மணியால் பயன் இருக்காது.

பயணிகள் எல்லோரும் கரை சேர்ந்தபிறகு மிஞ்சும் நேரத்தை அண்ணன் தனக்கென்று வைத்துக்கொண்டார். தீவின் மறுபக்கம் போய், போட்டுவிட்டுப் போன காகிதங்களையும் பாட்டில்களையும் ஒரு பையில் பொறுக்குவார். பிறகு கரைக்கு முதுகு காட்டி ஒரு பாறையில் உட்கார்ந்து ஒரு சிகரெட். வரப்பு மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து, கணுக்கால் தண்ணீரில் நடந்து வருவார். அதுவரை கரையில் நான் பயணிகளுக்குத் தர்பூசணித் துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். "நாள் பூரா கூட்டத்துக்குப் பின்னாடி நடக்கிறேன்டா. இந்த அரை மணி மட்டும் யாருக்கும் பின்னாடி இல்ல" என்று ஒருமுறை சொன்னார்.

என் மனைவியைப் பற்றி நீங்கள் விசாரணையில் கேட்கவில்லை. கேட்கவேண்டிய காரணமும் இல்லை. முந்தைய வருடம் அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒன்பதாவது நாள் காலையில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குப் போகாதீங்களேன்" என்றாள். பொதுவாக அப்படிக் கேட்கிறவள் இல்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"பதினாறு பேரு வாசல்ல நிக்கிறாங்கடா. நான் போய் என்ன பேசுறது? அரை நாள்தானே. ஒரு மணிக்கு அவ பக்கத்துல உக்காந்திருப்ப."

நியாயமாகத்தான் பட்டது. போனேன். பேச்சுக்கு நடுவில் அடிக்கக்கூடாது என்று என் போனும் அண்ணன் பையில்தான் இருக்கும். பன்னிரண்டரைக்கு எல்லோரையும் இறக்கிவிட்டபிறகு அண்ணன் என் தோளில் கைவைத்து, "இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. வா" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது என்றாள் நர்ஸ். கடைசிவரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டே அண்ணி சொன்னார்: "உங்கண்ணன் கல்லு மாதிரி தெரிவாரு, ஆனா உள்ள அப்படியில்ல தம்பி. அன்னைக்குப் பத்தே காலுக்கே ஆஸ்பத்திரியிலேர்ந்து உடனே வரச் சொல்லிப் போன் வந்துச்சாம். ரெண்டே கால் மணி நேரம் அதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு, உங்க பின்னாடியே சிரிச்சுக்கிட்டு வந்திருக்காரு. கூட்டத்தை நடுவழியில விட முடியுமா, சொல்லுங்க. எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாரு மனுஷன்."

"ஆமா அண்ணி" என்றேன்.

பத்தே காலுக்கு நாங்கள் பாறை ஓட்டை அருகே இருந்தோம். அங்கிருந்து மருத்துவமனைக்கு வேனில் இருபது நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் நான் ஆறாவது நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். வந்தது களைப்பு. மறுநாள் எட்டு மணிக்கு வண்டி எடுத்தேன், தலை எண்ணினேன், பேசினேன். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார், மன்னிப்புக் கேட்டிருப்பார், நானும் மன்னிக்கவேண்டி வந்திருக்கும். அதற்கெல்லாம் தெம்பு இல்லை. ஒரு மாதம் கழித்து, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "விட்டுட்டு? வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கப் போறியா? அரை நாள் வேலைதானேடா இது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த 'அரை நாள்' மட்டும் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் எப்போதும் நல்லதுக்காகத்தான் நேரத்தை மாற்றிச் சொன்னார். பயணிகளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தபோது, அவரிடம் யாராவது ஒருமுறை சரியான நேரத்தைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான். அது ஒரு திட்டமாக எனக்குத் தெரியவில்லை.

தினமும் குட்டித்தீவுக்குப் போக முடியாது. காலையில் கடல் வற்றாத நாட்களில் அதை விட்டுவிடுவோம். தொடர்ந்து போகிற நாட்களில் நேரம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும் என்பது அண்ணனுக்கும் பழக்கத்தில் தெரியும். அரை மணி கூடினால் கவனித்துவிடுவார். ஒரு வார இடைவெளிக்குப் பிறகு போகிற முதல் நாளில், ஒப்பிட அவரிடம் முந்தைய நாள் நேரம் இருக்காது. அந்த நாள் வர பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் வேலைக்குப் போனேன்.

அன்று வரப்பு மூடும் உண்மையான நேரம் பத்து ஐம்பது. பலகையில் பத்து ஐம்பது என்று எழுதினேன். அண்ணன் அதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். "நல்லா டைம் இருக்கு" என்றார். அவர் மனதில் பதினொன்று இருபது பதிந்துவிட்டது.

பயணிகள் விஷயத்தில் நான் மிகக் கவனமாக இருந்தேன். அவர்களுக்கு அரை மணி உபரி இல்லையே. யாரையும் படம் எடுக்க நிற்கவிடவில்லை. ஒரு பெரியவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தேன். பத்து நாற்பதுக்கே எல்லோரும் கரையில். எண்ணினேன். பதினான்கு பேர். ஒருவருக்கும் கால்கூட நனையவில்லை.

"என்னடா இன்னைக்கு இவ்ளோ விரட்டுற? வாய் இருக்கும்போதே வாலுக்கு வேலை இல்லாமப் பண்ற" என்று தீவிலிருந்தே அண்ணன் கத்தியிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நான் தர்பூசணியை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொன்று பத்துக்கு அவர் வரப்பில் இறங்கினார். வழக்கமாக எத்தனை மணிக்கு இறங்குவாரோ, பலகைப்படி அதே நேரம்தான். இதைத்தான் அறிக்கையில் நீங்கள் திருத்தவேண்டும். ஓரத்திலேயே தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. ஒரு கணம் நின்றார். இன்று காற்று தள்ளுகிறது என்று நினைத்திருப்பார். தன் கண்ணைவிட என் கணக்கை நம்பினார். குப்பைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அங்க ஒருத்தர் தண்ணிக்குள்ள வர்றாரே, அது உங்க ஆளுதானே?"

"எங்கண்ணன். தினமும் அப்படித்தான் வருவாரு" என்றேன்.

அதற்குள் அவருக்கு இடுப்பு வரை இருந்தது. நடுப்பள்ளத்துக்கு வந்ததும் கையைத் தூக்கினார். பயணிகள் சிலர் பதிலுக்குக் கையாட்டினார்கள். யாரோ படமும் எடுத்தார்கள். அந்தப் படம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அவர் விடைகொடுக்கக் கையாட்டுவதாகத்தான் அதைப் பார்த்தால் தோன்றும்.

வேனின் பக்கவாட்டில் எப்போதும் ஒரு நீண்ட கயிறும் காற்றடைத்த டியூபும் கட்டியிருக்கும். அவிழ்க்க ஒரு நிமிடம் ஆகும். கயிறு இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள், இருந்தது என்றேன். ஓடினீர்களா என்று கேட்டீர்கள், ஓடினேன் என்றேன். எப்போது ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. அண்ணன் கை தூக்கியபோது நான் பயணிகள் பக்கம் திரும்பி, ஒன்பதாவது நகைச்சுவையைத் தொடங்கினேன். ஆமையும் அதன் மாமியாரும். அதைச் சொல்லி முடிக்க இரண்டரை நிமிடம் ஆகும். அவசரப்படாமல் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரில் குப்பைப் பை மட்டும் மிதந்தது. அதன்பிறகு ஓடினேன்.

பலகையில் எழுதியது யார் என்றீர்கள். நான் என்றேன். எழுதிய நேரம் சரியா என்றீர்கள். சரி என்றேன். அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிமிடம் பிசகவில்லை என்று நீங்களே குறித்துக்கொண்டீர்கள். பொய் சொல்லாமல் ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

அண்ணி இப்போது என்னோடு வேலைக்கு வருகிறார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லையாம். அண்ணன் இடத்தில், கடைசி ஆளாக நடக்கிறார். நேற்று வரப்பில் பலகையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசா எழுதியிருக்கு. இது அவரு கண்ணுக்குத் தெரியலையா தம்பி?" என்று கேட்டார். தெரிந்தது அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நேரம் தவறி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வேலையை விடவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு பேர். எட்டு மணிக்கு வண்டி எடுப்பேன். பலகையில் மறுபடி அரை மணி முன்னதாகத்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை என்று இன்று காலையும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பின்சீட்டிலிருந்து பதில் வர வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினேன். சொன்னது பொய்யில்லை. அன்றும் பதினான்கு பேரை ஏற்றினேன், பதினான்கு பேரைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டேன்.