இருபத்தஞ்சு பக்கெட் கரைசல்

— அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு கண்ணு. சாணிக் கேஸப் பத்த வச்சியா?

— வச்சேங்க தீர்த்தம்மாண்ணி. குச்சி பொசுக்குனு அணைஞ்சுபோச்சு. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு எட்டுக் குச்சி. சாணிக்குழிய மூடுன டிரம் என்னமோ மேல ஏறி நிக்குது, உள்ள கேஸ் இருக்கு, எரியத்தான் மாட்டேங்குது. மாதாவே, இதுவும் போச்சான்னு அடுப்புகிட்டயே ஒக்காந்து அழுதுட்டேன்.

— சின்னப்பன் தம்பி என்ன பண்ணுச்சு?

— எங்கூட்டுக்காரரு சைக்கிள எடுத்துக்கிட்டு காரிமங்கலம் போயி கிராமசேவக் ராஜாமணி சாரைக் கூட்டியாந்தாரு. சார் பாத்துட்டுச் சிரிக்கறாரு. "மொத மொத வர்றது கரியமில வாயு, புஷ்பமேரி. சோடா பாட்டல்ல பொங்குமே, அதேதான். அது நெருப்ப அணைக்கும், எரியாது. தொறந்து வுட்டுட்டு அடுத்தது சேரட்டும்"னாரு. தொறந்து வுட்டோம். நாலாம் நாளு பத்துச்சுங்க.

— புகை?

— துளி இல்லீங்க. மொதல்ல மஞ்சளா எரிஞ்சு சட்டியெல்லாம் கரி. பர்னர்ல காத்து போற ஓட்டைய இன்னுங் கொஞ்சம் தொறந்தாரு, நீலமாயிருச்சு. காத்து பத்தலைன்னா எதுவும் பாதிதான் எரியுமாம். வெறகுப் புகைன்னா வேற ஒண்ணுமில்ல, முழுசா எரியாம தப்பிச்சு வர்ற வெறகுதானாம். அதுதான் இத்தன வருசமா என் நெஞ்சுல போயி ஒக்காந்திருக்கு.

— இழுப்பு எப்படி இருக்குது இப்ப?

— பத்து நாளா வரலீங்க. படுத்துத் தூங்கறேன் அண்ணி. செவுத்துல சாஞ்சு ஒக்காந்தே விடிய வச்சவ, இப்பப் படுத்துத் தூங்கறேன். அன்னிக்கே ஓடியாந்து உங்க கையப் புடிச்சுக்கணும்னு இருந்துச்சு. நீங்கதான் "கொஞ்ச நாளு எங்கூட்டுப் பக்கம் வராத"ன்னீங்க. இந்தாங்க, ஒகேனக்கல்லருந்து மீனு வந்துச்சு. அந்த அடுப்புல வச்ச கொழம்பு.

— இதெல்லாம் எதுக்கு? நான் என்ன குடுத்தேன், சாணித் தண்ணிதான. தா பாரு, நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த குழியில பினாயில ஊத்துனவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப.

— ஏங்கண்ணி கேக்கறீங்க. பாஸ்காத் திருநா முடிஞ்சு மாதா கோயில் சாமியாரு வூடு மந்திரிக்க வர்றாரு, மாட்டுக்கொட்டா நாறக் கூடாதுன்னு ரெண்டு பாட்டலு ஊத்திக் கழுவுனேன். கழுவுன தண்ணி நேரா குழிக்குத்தான் போவுதுன்னு புத்தியில ஒறைக்கல. அவுரு மந்திரிச்சுட்டுப் போயி நாலு நாள்ல அடுப்பு செத்துப்போச்சு. சாணியக் கேஸாக்குற பூச்சி அத்தனையும் செத்துருச்சாம். கண்ணுக்கே தெரியாத பூச்சிங்க.

— பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு.

— குழிய வழிச்சுட்டுப் புதுச்சாணி மட்டும் போட்டா, தானாக் கெளம்ப ரெண்டு மாசம் ஆவும்னாங்க. ரெண்டு மாசம் வெறகடுப்புல நான் தாங்கியிருக்க மாட்டேன், தருமபுரி டாக்டரே சொல்லிட்டாரு. உங்கூட்டுக் குழியில மொண்ட கரைசலு உறமோரு மாதிரி வேலை செஞ்சுதுங்க. ஒரு கரண்டி மோரு ஒரு குண்டாப் பாலத் தயிராக்குது, அதுக்காகக் குடுத்த வூட்டு மோரு தீந்தா போவுது? நான் மூச்சு வுடுறது உங்களாலதான். இத எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

— சரி சரி, அழுவாத. கொழம்ப அங்கயே வையி. உள்ள வராத.

— ஏங்க?

— வராதன்னா வராத. பாரு, இருமுற. சொன்னாக் கேக்கறியா.

— உள்ள வெறகு எரியுதுங்களா அண்ணி?

— வெந்நி போடறேன். குளிக்க.

— மத்தியானத்துல, இந்த வெயில்ல? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. எங்கிட்டச் சொல்லுங்கண்ணி.

— யாருகிட்டயும் சொல்லிராத. பதினெட்டு நாளா எங்கூட்டு அடுப்பு எரியல. டிரம் ஏறுது, குச்சிய வச்சா அணையுது.

— எங்களுக்குக் குடுத்ததாலதான.

— குடுத்ததால இல்ல, மறைச்சதால. மாடு கன்னு போட்டா முப்பது நாளைக்கு மோரு, சாணி எதுவும் வெளிய போகக் கூடாதுங்கறது எங்கூட்டு வழக்கம். உங்கூட்டுக்காரரு வந்து கேட்டப்ப எங்கூட்டுக்காரரு மூஞ்சிக்கு நேராவே முடியாதுன்னுட்டாரு. நான் அவுரு சந்தைக்குப் போன நேரம் பாத்து இருபத்தஞ்சு பக்கெட் மொண்டு குடுத்தேன். குழி மட்டம் எறங்கிப்போச்சு. வந்து பாத்தாத் தெரிஞ்சிருமேன்னு, முப்பது கூடை பச்சைச் சாணிய ஒரே மூச்சுல கரைச்சு ஊத்தி ரொப்பிட்டேன்.

— ஒரேயடியா ஊத்துனா உள்ள புளிச்சுப்போயிருமுங்க. பூச்சிக்குப் புளிப்பு ஆவாது. கொஞ்ச நாளு சாணி போடாம, சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி, நல்ல கரைசல் கொஞ்சம் சேத்தா சரியாப் போவும்னு ராஜாமணி சார் சொல்றாரு. எங்க குழியில வேணுங்கறது இருக்கு.

— இருந்து என்ன பண்ண? கொண்டாந்தா அவுரு பாப்பாரு, ஏன்னு கேப்பாரு. வழக்கத்த மீறுனதாலதான் இப்படின்னு சொல்லிட்டா, அப்புறம் இந்த வூட்டுலருந்து ஒருத்தருக்கும் ஒரு கை சாணிகூடத் தர முடியாது. வேணாம் கண்ணு. கொழாய்ல அடைப்புன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அண்ணன் நம்பிட்டாருங்களா?

— ஒண்ணும் கேக்கல. தெனம் விடியறப்ப எந்திரிச்சு, வெறகப் பொளந்து போட்டுட்டுப் போறாரு.

— அண்ணி, நான் கொழம்பு குடுக்க மட்டும் வரலீங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், சேசு மன்னிக்கட்டும். உங்கூட்டுக்காரரு குப்புராஜண்ணன் இப்ப எங்கூட்டுக் குழிகிட்டதான் நிக்கறாரு. எங்கூட்டுக்காரரு மொண்டு குடுக்கறாரு, அண்ணன் வண்டியில ஏத்தறாரு.

— என்னன்னு சொல்லிக் கேட்டாரு?

— "அவ குடுத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராத, அப்புறம் இன்னொருத்தருக்குக் குடுக்கப் பயந்துக்குவா"ன்னாருங்க.