காற்று என்ற கட்டளை

லவீனா நல்ல பிள்ளை. காலையில் மீனவர் சங்கக் கந்தோரின் கதவைத் திறந்ததும் முதல் தேத்தண்ணீரை எனக்குத்தான் ஊற்றித் தருவாள். அவளில் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

கோபம் சங்கத் தலைவர் யாகப்புவில். குருநகரில் முன்பெல்லாம் கடலில் காற்று பலக்கும் என்றால் கோயில் மணி அடிக்கும். அடிக்காவிட்டால் வள்ளம் இறக்கலாம். அந்த மணியின் வேலையைச் சங்கத்துக் கணினிக்குப் பழக்கியவன் நான். கறுப்புத் திரையில் 'காற்று' என்று தட்டினால், வள்ளக்காரர் எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை போகும். போன் சத்தம் போடாவிட்டால் கடல் நல்லது என்று இறங்குவார்கள். அப்படி நம்பினார்கள் என்னை.

பொதுக்கூட்டத்தில் யாகப்பு எழும்பி, என்னைக் காட்டி, "சுபாஸின்ரை பழைய குப்பையள் போதும். இனிப் படிச்ச பிள்ளை பாக்கட்டும்," என்றார். சனம் சிரித்தது. இப்போது சொல்லும்போதும் உடம்பு பற்றி எரிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை லவீனா கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தாள். அதன் பிறகு 'காற்று' என்று தட்டினால், அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. மத்தியானம் வானிலை அறிவித்தல் வந்தது. பின்னேரம் புயற்காற்றாம்.

"அண்ணை, உங்கடை கட்டளை ஒண்டையும் காணேல்லை. எங்கை போட்டுது?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே படிச்சனீர்."

உண்மையில் எதுவும் தொலையவில்லை. கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஒரு வரியைப் புதுப்பித்தல் அழித்திருந்தது. கெட்டிக்காரி, அதைத் தானே கண்டுபிடித்துத் திரும்ப எழுதினாள். கட்டளை வந்துவிட்டது. ஆனால் தலைவரைக் கேளாமல் எதையும் அனுப்பக்கூடாது என்பது யாகப்புவின் புது விதி. அவரோடு போனில் கதைக்க வெளியே போனாள். "உடனை அனுப்பு பிள்ளை," என்றாராம். செய்தி போகும் என்ற நம்பிக்கையில் சொந்த மகனுக்குக்கூட அவர் அழைக்கவில்லை.

அவள் திரும்பி வந்து தட்டினாள். கட்டளை இல்லை என்றது திரை. தான் எழுதிய வரியில்தான் பிழை என்று அதையே மாற்றி மாற்றி எழுதினாள், பாவம். நான் தேத்தண்ணீர் குடித்தேன். கடைசியில் அவள் கரைக்கு ஓடினாள். வள்ளங்கள் போய்விட்டிருந்தன.

மூன்று பேர் திரும்பவில்லை. யாகப்புவின் மகன் ஜெயசுதனின் உடல் மட்டும் கிடைத்தது. செத்தவீட்டுக்கு நானும் போனேன்; போகாமல் இருக்க முடியுமா. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாகப்பு கத்தினார்: "உவன் செய்து வைச்ச சாமான் பழுதாப் போய்த்தான் என்ரை பெடியன் செத்தவன்."

நீங்களும் அறிக்கையில் அப்படித்தான் எழுதப் போகிறீர்களாம். அதைப் பொறுக்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

என் கட்டளை ஒருநாளும் பழுதானதில்லை, ஐயா. அவள் வெளியே போன நேரம் அதை அழித்தவன் நான். அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.